தூங்குமூஞ்சியைத் தேடும் வாலிபர்கள்

ஆர்.கே.பேட்டையில் ஒரு டீக்கடை. சனிக்கிழமை இரவு மணி எட்டு. தறிச் சத்தம் இன்னும் ஓயவில்லை.

கடைக்கு வெளியே இரண்டு பெஞ்சுகள். அதில் நெருக்கியடித்துக்கொண்டு பத்துப் பன்னிரண்டு வாலிபர்கள். நடுவில் இருப்பவர் மடியில் ஒரு நீள நோட்டு. மளிகைக் கடையில் பற்று வரவு எழுதுவார்களே, அதே நோட்டு.

"அந்தத் தூங்குமூஞ்சியை எனக்கு விட்டுடு, மச்சான்!"

"விட மாட்டேன். மூணு வாரமா அவனைத்தான் பாத்துக்கிட்டு இருக்கேன்."

யாரைப் பற்றி இந்தச் சண்டை? பக்கத்துத் தெரு ஆசாமியைப் பற்றி அல்ல. இங்கிலாந்தில் கால்பந்து ஆடும் ஒருவரைப் பற்றி! ஆர்.கே.பேட்டை என்று ஓர் ஊர் உலகத்தில் இருப்பது அவருக்குத் தெரிந்திருக்க நியாயம் இல்லை. ஆனால் இந்த வாலிபர்களுக்கு அவரைத் தெரியும். போன மாதம் எத்தனை நிமிடம் ஆடினார், முழங்கால் வலி எப்போது தீர்ந்தது, எல்லாம் தெரியும்.

எனக்கு வியப்பாக இருந்தது. உண்மையைச் சொல்லிவிடுகிறேன். இதைத் திட்டி எழுதவேண்டும் என்று நினைத்துத்தான் அங்கே போனேன்.

திருத்தணியிலிருந்து பஸ் ஏறினால் வருகிற ஊர் இது. முழுப் பெயர் ராமகிருஷ்ணராஜுபேட்டை. பஸ் பலகையில் அவ்வளவும் எழுத இடம் ஏது? ஆர்.கே.பேட்டை ஆகிவிட்டது. ஆந்திர எல்லை பக்கத்திலேயே இருக்கிறது. வீட்டில் தெலுங்கு, தெருவில் தமிழ் என்று பேசுகிறவர்கள் ஏராளம். அப்பாவை "நைனா" என்று கூப்பிடுகிற வீடுகள் உண்டு. நெசவுதான் இந்த வட்டாரத்தின் பெரிய தொழில்.

எல்லையில் இருக்கிற ஊர்களை யாரும் எளிதில் கவனிப்பதில்லை. திருத்தணியே 1960 ஏப்ரல் 1 அன்றுதான் சென்னை ராஜ்யத்தோடு சேர்ந்தது. அதற்குப் பெரிய போராட்டம் நடக்கவேண்டியிருந்தது. கவனிக்கப்படாமல் இருப்பது என்றால் என்ன என்று இந்தப் பக்கத்து மக்களுக்குப் பாடம் நடத்தவேண்டியதில்லை.

போகட்டும். அந்த நோட்டில் என்ன இருக்கிறது என்று பார்ப்போம்.

பேரில் ஓர் அணி

ஆட்டம் இதுதான். பன்னிரண்டு பேர் சேர்கிறார்கள். ஆளுக்குப் பதினைந்து கால்பந்து ஆட்டக்காரர்களைப் பொறுக்கி எடுக்கிறார்கள். இரண்டு கோல்கீப்பர், ஐந்து தடுப்பாட்டக்காரர், ஐந்து நடு ஆட்டக்காரர், மூன்று முன்னணி ஆட்டக்காரர்.

எல்லாம் பேரில்தான். ஆனால் அந்த ஆட்டக்காரர் இங்கிலாந்தில் நிஜமாகவே கோல் போட்டால், இங்கே நோட்டில் புள்ளி ஏறும். முன்னணி ஆட்டக்காரர் கோலுக்கு 4 புள்ளி. நடு ஆட்டக்காரருக்கு 5. தடுப்பாட்டக்காரர் கோல் போட்டால் 6. கோல் போடப் பந்து எடுத்துக் கொடுத்தவருக்கு 3. எதிரி ஒரு கோலும் போடாமல் காத்தால் தடுப்பாட்டக்காரருக்கும் கோல்கீப்பருக்கும் 4.

ஒருவர் எடுத்த ஆட்டக்காரரை இன்னொருவர் எடுக்கமுடியாது. முதலில் சீட்டுக் குலுக்கி வரிசை போடுகிறார்கள். முதல் சுற்றில் ஒன்றிலிருந்து பன்னிரண்டு. அடுத்த சுற்றில் பன்னிரண்டிலிருந்து ஒன்று. தறியில் நாடா போய்த் திரும்புவது போல் இந்த வரிசையும் போய்த் திரும்பும்.

இது அமெரிக்காவில் பிறந்த விளையாட்டு. 1962ஆம் ஆண்டு. ஓக்லண்ட் என்ற ஊரில் ரெய்டர்ஸ் என்று ஓர் அணி. அவர்கள் ஆடுவது நம் கால்பந்து அல்ல. முட்டை வடிவப் பந்தைக் கையில் ஏந்திக்கொண்டு ஓடுகிற அமெரிக்கக் கால்பந்து. அந்த ஆண்டு 14 ஆட்டங்களில் 13 ஆட்டம் தோற்றார்கள்! அணியில் பங்கு வைத்திருந்த வின்கன்பாக் என்பவரும் இரண்டொரு பத்திரிகைக்காரர்களும் நியூயார்க் ஓட்டல் அறையில் உட்கார்ந்து, சொந்த அணி ஜெயிக்காவிட்டால் என்ன, பேரில் ஓர் அணி வைத்துக்கொள்வோம் என்று இதைக் கண்டுபிடித்தார்கள். 1963இல் எட்டுப் பேர் சேர்ந்து முதல் ஆட்டம் ஆடினார்கள். பத்திரிகைக்காரர்கள் உள்ளே இருந்தால் இப்படித்தான் எதாவது நடக்கும்!

ஆர்.கே.பேட்டையில் இதற்குப் பணம் கிடையாது. வாரத்தில் குறைந்த புள்ளி எடுத்தவர் எல்லாருக்கும் டீ வாங்கித் தரவேண்டும். வருடக் கடைசியில் கடைசி இடம் பிடித்தவருக்குத் தண்டனை உண்டு. திருத்தணி மலையின் 365 படியையும் நடந்தே ஏறி, மற்றப் பதினொரு பேருக்காகவும் கற்பூரம் ஏற்றிவிட்டு வரவேண்டும். போன வருடம் ஏறியவரையும் பார்த்தேன். "புண்ணியம் எனக்குத்தானே சார்" என்று சிரித்தார்.

யார் இந்தத் தூங்குமூஞ்சி?

இப்போது முக்கியமான விஷயத்துக்கு வருவோம்.

நாலு பேர் ஆடினால் இந்த ஆட்டத்தில் சுவை இல்லை. ஆளுக்கு நாலு பெரிய பெயர். கதை முடிந்தது. பன்னிரண்டு பேர் ஆடினால்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். இங்கிலாந்தின் முதல் வரிசைப் போட்டியில் 20 அணிகள். அணிக்கு 11 பேர். ஆகவே களத்தில் இறங்குகிறவர்கள் 220 பேர். பன்னிரண்டு பேர் ஆளுக்கு 15 எடுத்தால் 180 பேர் தீர்ந்துபோவார்கள். பதினாறு பேர் ஆடினால் 240 வேண்டும். அதாவது களத்தில் இருப்பவர்கள் எல்லாரும் தீர்ந்து, பெஞ்சில் உட்கார்ந்திருப்பவர்களையும் எடுக்கவேண்டும்!

கோல்கீப்பர் கணக்கு இன்னும் வேடிக்கை. அணிக்கு ஒருவர்தான் நிற்கமுடியும். மொத்தம் 20 பேர். பன்னிரண்டு பேர் ஆளுக்கு இரண்டு எடுத்தால் 24 வேண்டும். நாலு பேராவது ஆடாத கோல்கீப்பரை வைத்துக்கொண்டு, "முதல் ஆளுக்குக் காய்ச்சல் வராதா?" என்று காத்திருக்கவேண்டியதுதான்.

இந்த இடத்தில் பெரிய பெயர்கள் உதவாது. அவை முதல் இரண்டு சுற்றிலேயே போய்விடும். பத்தாவது சுற்றில் யாரை எடுக்கிறோம், பதினாலாவது சுற்றில் யாரை எடுக்கிறோம் என்பதில்தான் வெற்றி. யாரும் கவனிக்காத ஆள். இன்றைக்குப் பெஞ்சில் தூங்குகிற ஆள். நாளைக்கு எழுந்து ஓடப்போகிற ஆள்.

அவரைத்தான் இந்த வாலிபர்கள் தூங்குமூஞ்சி என்கிறார்கள்.

இந்தச் சொல் அமெரிக்காவிலும் அப்படித்தான். தூங்குகிறவர் என்றே சொல்கிறார்கள். அங்கே ஒரு தூங்குமூஞ்சியின் கதையைக் கேளுங்கள்.

குர்ட் வார்னர் என்று ஒருவர். 1994இல் ஒரு பெரிய அணி அவரைச் சேர்த்துப் பார்த்து, வேண்டாம் என்று அனுப்பிவிட்டது. அயோவா மாநிலத்தில் ஒரு மளிகைக் கடையில் வேலைக்குச் சேர்ந்தார். இரவெல்லாம் அலமாரியில் சாமான் அடுக்குவது வேலை. பிறகு சின்னச் சின்னப் போட்டிகளில் ஆடினார். 1999இல் செயின்ட் லூயிஸ் அணியில் இரண்டாம் ஆளாக இருந்தார். முதல் ஆளுக்குப் போட்டி தொடங்கும் முன்பே காலில் அடி. வேறு வழியில்லை, வார்னரை இறக்கினார்கள். அந்த ஆண்டின் தலைசிறந்த ஆட்டக்காரர் பட்டம் அவருக்கு. நாட்டின் கோப்பை அவர் அணிக்கு!

அந்த வருடம் பேரில் அணி ஆடிய லட்சக்கணக்கானவர்களில் எத்தனை பேர் வார்னரை முதல் நாளே எடுத்திருப்பார்கள்? யோசித்துப் பாருங்கள்.

இங்கிலாந்தில் 2015-16இல் நடந்தது இன்னும் பெரிய கூத்து. லெஸ்டர் என்ற அணி. பந்தயக்காரர்கள் அதற்கு 5000க்கு 1 என்று விலை வைத்தார்கள். அந்த அணியின் வார்டி, 16 வயதில் ஒரு கிளப்பால் கழித்துக் கட்டப்பட்டவர். தொழிற்சாலை வேலைக்குப் போய்க்கொண்டே சின்னக் கிளப்பில் ஆடியவர். இன்னொருவர் மஹ்ரெஸ். பிரான்சில் இரண்டாம் வரிசை அணியில் இருந்தார். லெஸ்டர் அணி ஆள் தேடுகிறவர் அங்கே போனது வேறொரு ஆட்டக்காரரைப் பார்க்க! போன இடத்தில் இவர் கண்ணில் பட்டார். 5 லட்சம் பவுனுக்கும் குறைவாக வாங்கினார்கள்.

அந்த வருடம் வார்டி தொடர்ந்து 11 ஆட்டங்களில் கோல் போட்டார். மஹ்ரெஸ் 17 கோல். லெஸ்டர் கோப்பையை வென்றது. பேரில் ஆடுகிற விளையாட்டில் இவர்கள் விலை 6, 5.5 என்று மலிவாகப் போட்டிருந்தார்கள். பெரிய பெயர்களுக்கு அதைப்போல் இரு மடங்கு. மலிவாக இருந்தபோதே இவர்களை எடுத்தவர் மீசையை முறுக்கிக்கொண்டார்.

எங்கே பார்ப்பது?

"எப்படித் தம்பி கண்டுபிடிக்கிறீர்கள்?" என்று கேட்டேன். ஒரு வாலிபர் பதில் சொன்னார். பகலில் பாவு ஓட்டுகிறவர்.

"கோலைப் பாக்கக்கூடாது சார். அது எல்லாரும் பாக்கறது. நிமிஷத்தைப் பாக்கணும்."

நல்ல பேச்சு! கோல் அதிர்ஷ்டத்தில் விழலாம். ஆனால் ஒரு பயிற்சியாளர் ஓர் ஆளைப் பத்து நிமிடம் இறக்கினார், அடுத்த வாரம் இருபத்தைந்து, அதற்கு அடுத்த வாரம் அறுபது என்றால், அங்கே ஏதோ நடக்கிறது. நம்பிக்கை வளர்கிறது. அதை வாரம் தவறாமல் எழுதிவைத்தால்தான் தெரியும்.

அடுத்தது பெனால்டி, கார்னர் அடிப்பது யார் என்பது. சாதாரண ஆட்டக்காரர்தான். ஆனால் அணியில் மூத்தவர் வேறு கிளப்புக்குப் போய்விட்டார், இனி இவர்தான் பெனால்டி அடிக்கப்போகிறார் என்றால் அவர் சாதாரண ஆள் அல்ல.

இடம் மாறுவது என்பது மூன்றாவது. இதைத்தான் மிக ரசித்துச் சொன்னார்கள். 2019-20இல் ஷெஃபீல்ட் யுனைடெட் அணி கீழ் வரிசையிலிருந்து மேலே வந்தது. அதில் லுண்ட்ஸ்ட்ராம் என்று ஒருவர். விளையாட்டுப் பட்டியலில் தடுப்பாட்டக்காரர் என்று எழுதிவிட்டார்கள். விலை மிக மிகக் குறைவு, வெறும் 4. ஆனால் அவர் நிஜத்தில் ஆடியது நடுக்களத்தில்! கோல் போட ஓடுகிறவருக்குத் தடுப்பாட்டக்காரர் புள்ளி. பர்ன்லிக்கு எதிராக ஒரே ஆட்டத்தில் 2 கோல். அதற்கு 12. எதிரி கோல் போடவில்லை, அதற்கு 4. ஆடியதற்கு 2. சிறந்த ஆட்டத்துக்கு 3. மொத்தம் 21 புள்ளி! பட்டியல் எழுதியவரின் கைப்பிழை, கவனித்தவருக்கு லாட்டரி.

2025-26இல் ஒரு புதுவிதி வந்திருக்கிறது. கோலே போடாமல் பந்தைத் தடுத்து, பறித்து, வெளியே தள்ளி உழைக்கிற ஆட்டக்காரருக்கும் புள்ளி. ஒரு தடுப்பாட்டக்காரர் ஓர் ஆட்டத்தில் பத்துத் தடவை அப்படிச் செய்தால் 2 புள்ளி. அதுவரை நேரடியாகப் புள்ளி வாங்கித் தராத கூலி உழைப்பு இது. இந்த விதியை முதலில் படித்தவர்கள், யாருக்கும் வேண்டாத இரண்டு மூன்று முரட்டுத் தடுப்பாட்டக்காரர்களைக் கடைசிச் சுற்றில் அள்ளிக்கொண்டார்கள்.

இன்னொன்றும் சொல்லவேண்டும். தூங்குமூஞ்சி எல்லாரும் எழுந்திருப்பதில்லை. பாவு ஓட்டுகிற அந்த வாலிபர் போன வருடம் ஏழு பேரை எடுத்தாராம். ஆறு பேர் கடைசிவரை தூங்கினார்கள். ஒருவர் எழுந்தார். டீக்கடையில் அந்த ஒருவரைப் பற்றித்தான் பேச்சு. ஆறு பேர் பேரும் மறந்துபோயிற்று. "நான் அப்பவே சொன்னேன்" என்று யாராவது சொன்னால், நோட்டைக் காட்டச் சொல்லுங்கள்!

நைனாவின் கேள்வி

நாங்கள் பேசிக்கொண்டிருக்கும்போது ஒரு பெரியவர் வந்தார். நோட்டு வைத்திருந்த பையனின் தகப்பனார். இரண்டு விசைத்தறி வைத்திருக்கிறார்.

"ஏண்டா, வெள்ளைக்காரன் பந்து உதைச்சா உனக்கு என்னடா வந்தது?" என்றார்.

"சும்மா நைனா, விளையாட்டுத்தானே."

"விளையாட்டுன்னா மைதானத்துல ஆடு. நோட்டுல என்ன விளையாட்டு?"

பையன் தலையைக் குனிந்துகொண்டான். எனக்குப் பெரியவர் பக்கம் பேசத்தான் தோன்றியது. ஆனால் யோசித்தேன்.

பெரியவரின் கோபத்துக்கு வேறு காரணமும் இருந்தது. அவர் அண்ணன் மகன் பணம் கட்டி இப்படி ஆடியவன். கிரிக்கெட்டில். கைப்போனில். 49 ரூபாயில் தொடங்கினான். அவன் அம்மா மகளிர் குழுவில் மாடு வாங்க வாங்கிய கடன் வரை போயிற்று. மாடு வரவில்லை. கடன் இருக்கிறது. இப்போது அவன் வெளியூரில் வேலை செய்து மாதாமாதம் அடைக்கிறான்.

பணம் கட்டி ஆடும் இணைய விளையாட்டுகளுக்குத் தடை போட நாடாளுமன்றம் 2025 ஆகஸ்டில் சட்டம் நிறைவேற்றியது. 22ஆம் தேதி குடியரசுத் தலைவர் ஒப்புதல் கொடுத்தார். இப்படிப்பட்ட விளையாட்டை நடத்துகிறவருக்கு 3 ஆண்டு வரை சிறை, ஒரு கோடி ரூபாய் வரை அபராதம். ஆடி ஏமாந்தவருக்குத் தண்டனை இல்லை. சரியான சட்டம் என்பது என் கருத்து. திறமை விளையாட்டா, சூதாட்டமா என்று வக்கீல்கள் பல வருடம் வாதாடினார்கள். குழுக்கடன் கட்டுகிற அந்த அம்மாளுக்கு எதுவாக இருந்தால் என்ன?

ஆனால் நோட்டு ஆட்டத்தையும் அந்தப் பண ஆட்டத்தையும் ஒரே தராசில் நிறுத்தக்கூடாது. ஏன் தெரியுமா?

பண ஆட்டம் ஒரு நாள் ஆட்டம். இன்று மாலை அணி போடு, இன்று இரவு பணம் போகும். நாளை மறுபடியும் போடு. அதில் தூங்குமூஞ்சிக்கு இடமே இல்லை. ஓர் ஆள் ஆறு மாதத்தில் எழுவான் என்று காத்திருக்க அங்கே யாருக்கும் பொறுமை கிடையாது. நடத்துகிறவருக்கும் அது லாபம் இல்லை. கட்டிய பணத்தில் ஒரு பங்கை அவர் முதலிலேயே எடுத்துக்கொள்வார். மீதிதான் பரிசு. ஆகவே எல்லாரையும் சேர்த்துக் கணக்குப் பார்த்தால் ஆடியவர்களுக்கு நஷ்டம்தான்.

நோட்டு ஆட்டம் ஆகஸ்டு முதல் மே வரை. பத்து மாதம். இதில் ஜெயிக்க வேண்டுமானால் ஒரு மனிதனைப் பொறுமையாகப் பார்க்கவேண்டும். பேர் இல்லாதவனைப் பார்க்கவேண்டும். அந்தப் பழக்கம் கெட்ட பழக்கம் அல்ல. நம்மிடம் அது குறைவு என்றுதான் சொல்வேன்.

சின்னப்பம்பட்டி வாலிபர்

வெளிநாட்டுக்குப் போவானேன்? சேலம் மாவட்டத்துச் சின்னப்பம்பட்டிக்கு வாருங்கள்.

நடராஜன். தகப்பனார் நெசவுக் கூலி. தாயார் தெருவோரக் கடை போட்டவர். ஆர்.கே.பேட்டைக்குத் தெரியாத குடும்பம் அல்ல. இங்கே பத்து வீட்டுக்கு ஒரு வீடு அப்படித்தான்.

டென்னிஸ் பந்தில் ஆடி வளர்ந்தவர். சென்னைக்கு வந்து நாலாம் டிவிஷனில் தொடங்கினார். 2015 ஜனவரியில் தமிழ்நாட்டு அணிக்கு முதல் ரஞ்சி ஆட்டம். பந்து வீசும் முறை சரியில்லை என்று புகார் வந்தது. கையைத் திருத்திக்கொண்டு மறுபடி வந்தார். 2016இல் டி.என்.பி.எல். தொடங்கியது, அதில் அவர் யார்க்கர்களைப் பார்த்தார்கள். 2017 ஏலத்தில் 10 லட்சம் அடிப்படை விலையிலிருந்து 3 கோடிக்குப் போனார். பத்திரிகைகளில் படம் வந்தது.

கதை அங்கே முடியவில்லை. அந்த வருடம் பெரிதாக ஒன்றும் நடக்கவில்லை. அடுத்த ஏலத்தில் ஐதராபாத் அணி 40 லட்சத்துக்கு எடுத்தது. 2018, 2019 இரண்டு வருடமும் ஓர் ஆட்டம்கூடக் கிடையாது! பெஞ்சு, பெஞ்சு, பெஞ்சு.

2020இல் வாய்ப்புக் கிடைத்தது. 16 விக்கெட். யார்க்கர் மேல் யார்க்கர். ஆஸ்திரேலியாவுக்கு வலைப்பயிற்சியில் பந்து வீசத்தான் அழைத்துப் போனார்கள். ஒருவர் பின் ஒருவராக எல்லாருக்கும் அடி. டிசம்பர் 2இல் ஒருநாள் ஆட்டம், டிசம்பர் 4இல் இருபது ஓவர், 2021 ஜனவரி 15இல் பிரிஸ்பேனில் டெஸ்ட். மூன்றிலும் ஒரே பயணத்தில் அறிமுகம்! அந்த டெஸ்டில் முதல் இன்னிங்சில் 3 விக்கெட். இந்தியா ஜெயித்தது.

2023 ஜூனில் தன் ஊரிலேயே ஒரு கிரிக்கெட் மைதானம் திறந்தார்.

சாய் சுதர்சன் கதையும் இப்படித்தான். 2022இல் குஜராத் அணி அவரை 20 லட்சத்துக்கு எடுத்தது. 2023இல் நம் டி.என்.பி.எல். ஏலத்தில் கோவை அணி கொடுத்தது 21 லட்சத்து 60 ஆயிரம். அகில இந்தியப் போட்டியைவிட உள்ளூர்ப் போட்டியில் அதிக விலை! ஏன்? உள்ளூர்க்காரர்கள் அவர் ஆடுவதைக் கண்ணால் பார்த்திருந்தார்கள். அந்த வருடம் ஐ.பி.எல். இறுதி ஆட்டத்தில் 47 பந்தில் 96 அடித்தபிறகுதான் மற்றவர்கள் விழித்தார்கள். 2025இல் 759 ஓட்டம், எல்லாரையும்விட அதிகம்.

இரண்டு பேர் கதையிலும் ஒன்றைக் கவனியுங்கள். நடுவில் டி.என்.பி.எல். என்று ஒன்று இருந்தது. அதில் ஒவ்வொரு பந்தும் எழுதப்பட்டது. ஆகவே தேடினவர் கண்ணில் பட்டார்கள். 2016க்கு முன்னால் இவர்களைப் போல் எத்தனை பேர் டென்னிஸ் பந்தோடு நின்றுவிட்டார்களோ!

எழுதாத ஆட்டம்

ஆர்.கே.பேட்டை வட்டாரத்தில் ஒரு பையன். பெயர் வேண்டாம். பத்தொன்பது வயது. இரவு ஷிப்டில் தறி ஓட்டுகிறான். ஞாயிற்றுக்கிழமை மாலை கால்பந்து ஆடுகிறான். இடது கால். ஓட்டம் என்றால் ஓட்டம்! நான் பார்த்த அன்று மூன்று பேரைத் தாண்டி ஒரு கோல் போட்டான். செருப்பில்லாத கால்.

இரண்டு வருடத்துக்கு முன் ஓர் இடத்தில் ஆள் தேர்வு நடந்ததாம். போனான். "இதுவரை எங்கே ஆடினாய்? சர்டிபிகேட் இருக்கிறதா? எத்தனை கோல்?" என்று கேட்டார்கள். பொங்கல் போட்டியில் ஆடினேன் என்றான். காகிதம் இருக்கிறதா என்றார்கள். இல்லை. கூட்டத்தில் பத்து நிமிடம் ஆடவிட்டு அனுப்பிவிட்டார்கள்.

தேர்வாளரைக் குற்றம் சொல்லமாட்டேன். முந்நூறு பேரைப் பத்துப் பத்து நிமிடம் பார்த்து ஒருவர் என்ன கண்டுபிடிக்க முடியும்? மஹ்ரெஸைக் கண்டவர்கூட மறுபடி மறுபடி போய்ப் பார்த்துத்தான் வாங்கச் சொன்னார்.

நம் ஊர்ப் போட்டியில் பந்தல் போடுகிறோம். மைக்செட் கட்டுகிறோம். பெரிய மனிதருக்குப் பொன்னாடை போர்த்துகிறோம். கோப்பை இடுப்பளவு உயரம் வாங்குகிறோம். யார் எத்தனை கோல் போட்டார் என்று எழுதுவதற்கு ஒரு நாற்பது பக்க நோட்டு வாங்குவதில்லை! மறுநாள் காலையில் பந்தலைப் பிரித்ததும் ஆட்டமும் காற்றில் போயிற்று.

இங்கிலாந்தில் பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறவன் எத்தனை நிமிடம் உட்கார்ந்தான் என்பது ஆர்.கே.பேட்டை டீக்கடைக்குத் தெரிகிறது. ஆர்.கே.பேட்டையில் ஓடுகிறவன் எத்தனை கோல் போட்டான் என்பது ஆர்.கே.பேட்டைக்கே தெரியவில்லை. இது எனக்கு வெட்கமாக இருக்கிறது. உங்களுக்கு?

இதை நான் அந்த வாலிபர்களிடம் கொஞ்சம் சூடாகவே சொன்னேன். எல்லாரும் பேசாமல் இருந்தார்கள்.

அப்போது நோட்டு வைத்திருந்த பையன் சொன்னான்: "எங்க பாப்பா எழுதறா சார்."

பாப்பா என்பது அவன் தங்கை. பிளஸ் டூ படிக்கிறாள். இந்தப் பன்னிரண்டு பேருக்கும் வாரா வாரம் புள்ளிக் கணக்குப் போடுவது அவள்தானாம்! நோட்டில் உள்ள முத்து முத்தான எழுத்து அவளுடையது. அண்ணன்மார் கூட்டலில் தப்புச் செய்து சண்டை போட்டுக்கொண்டதால், அவளிடம் கொடுத்துவிட்டார்கள். அந்தப் புதுவிதியை முதலில் படித்துச் சொன்னதும் அவள்தான். முரட்டுத் தடுப்பாட்டக்காரர்களை அள்ளியது யார் மூளை என்று இப்போது தெரிந்தது!

மறுநாள் அவர்கள் வீட்டுக்குப் போனேன். பெரியவர் தறியை நிறுத்திவிட்டு வந்து உட்காரச் சொன்னார். அந்தப் பெண் நோட்டைக் கொண்டுவந்தாள். பின்பக்கமாகத் திருப்பினாள்.

அங்கே வேறு பெயர்கள். நம் பெயர்கள். போன ஆகஸ்டு முதல் ஊர் மைதானத்தில் நடந்த பதினோரு ஆட்டங்கள். தேதி, எத்தனை பேர், யார் கோல், யார் பந்து எடுத்துக் கொடுத்தார். அந்த இடதுகால் பையன் பெயருக்கு நேரே ஒன்பது கோல். பக்கத்தில் சின்ன எழுத்தில், "நைட் ஷிப்ட் முடித்து வந்தது" என்று மூன்று இடத்தில் குறிப்பு.

"ஏம்மா, நைட் ஷிப்டை ஏன் எழுதினாய்?"

"தூங்காம வந்து ஆடினது சார். அன்னிக்கு ரெண்டாவது பாதியில மெதுவா ஓடினான். வேற யாராவது பாத்தா தப்பா நினைப்பாங்களே?"

எனக்குப் பேச்சு எழவில்லை. பெரிய கிளப்புகள் சம்பளம் கொடுத்து ஆள் வைத்து எழுதச் சொல்லும் குறிப்பு இது.

"நீ ஏனம்மா பேரில் அணி வைத்துக்கொள்ளவில்லை?" என்று கேட்டேன்.

"அது அண்ணங்க ஆட்டம் சார்."

பெரியவர் மகனைப் பார்த்தார். "கணக்கு எழுத மட்டும் அவ வேணுமாடா?" என்றார். முந்தின நாள் விளையாட்டே வேண்டாம் என்றவர்!

அந்தப் பன்னிரண்டு பேரில் ஒருவர் தை மாதத்தோடு ஸ்ரீபெரும்புதூரில் கம்பெனி வேலைக்குப் போய்விட்டார். அவர் அணி கேட்பாரற்றுக் கிடக்கிறது. பதினோராவது இடம். அதைத் தங்கைக்குக் கொடுப்பதாக அண்ணன் ஒப்புக்கொண்டான். மற்றவர்களைக் கேட்கவேண்டும் என்று இழுத்தான். ஒப்புக்கொள்வார்கள் என்றுதான் நினைக்கிறேன். ஒப்புக்கொள்ளாவிட்டால் புள்ளிக் கணக்கை அவர்களே போட்டுக்கொள்ளட்டும்!

நோட்டின் பின்பக்கத்துக்கு ஒரு வேலை மீதி இருக்கிறது. ஒவ்வொரு ஆட்டத்துக்கும் கீழே இரண்டு கையெழுத்து வேண்டும். ஒன்று விசில் ஊதினவருடையது. இன்னொன்று உடற்பயிற்சி ஆசிரியர் எவராவது ஒருவருடையது. அப்போதுதான் அடுத்த தேர்வில் "காகிதம் இருக்கிறதா?" என்று கேட்டால் நீட்டமுடியும். பதினோரு ஆட்டத்தில் நாலு ஆட்டத்துக்கு விசில் ஊதியவர் உள்ளூரிலேயே இருக்கிறார். மீதி ஏழு பேரைத் தேடவேண்டும் என்றாள் அந்தப் பெண். அவர்கள் பேரையும் எழுதிவைத்திருக்கிறாள்.

நான் பஸ் ஏறும்போது அந்த இடதுகால் பையன் ஷிப்டுக்குப் போய்க்கொண்டிருந்தான். அவனுக்கு இந்த நோட்டு விஷயம் இன்னும் தெரியாது.